குட்டித் தீவு ஆட்புலம் ஒன்றைப் படித்தறிவது எப்படி: செயின்ட் ஹெலினாவைக் கொண்டு ஒரு பயிற்சி

நெப்போலியன் எங்கே இறந்தார் என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல் விடையாகத்தான் செயின்ட் ஹெலினா நம்மில் பெரும்பாலோருக்கு அறிமுகமாகியிருக்கும். அந்தச் சொல்லுக்கு அப்பால் அத்தீவைப் பற்றி எழுதவோ, வகுப்பில் சொல்லவோ, கலைக்களஞ்சியக் குறிப்பு ஒன்றைத் தொகுக்கவோ நேரும்போது, பரப்பளவு, மக்கள்தொகை, தலைநகரம், நாணயம் என்று நாலைந்து வரிகளை எங்கிருந்தாவது எடுத்து அடுக்கிவிடுவது நம் வழக்கம். அப்படி அடுக்கிய குறிப்பில் பிழை இருக்காது. ஆனால், நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு பாறைத் தீவுக்கு ஆளுநர், முதலமைச்சர், உச்ச நீதிமன்றம், தனி நாணயம், விமான நிலையம் எல்லாம் எதற்கு என்பது அதைப் படிப்பவருக்கு விளங்காது. கடல் கடந்த சிறு ஆட்புலங்களைப் பொறுத்தவரை புவியியல், ஆட்சி, பொருளாதாரம் ஆகியவற்றை மூன்று தனி அத்தியாயங்களாகப் படித்தால் எதுவும் பிடிபடுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறக்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த வழிமுறையைச் செயின்ட் ஹெலினாவைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பெயரும் அலகும்

முதல் வேலை, நாம் பேசும் அலகு எது என்று உறுதிசெய்துகொள்வது. பிரிட்டனுக்கு இன்று 14 கடல் கடந்த ஆட்புலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் முழுப்பெயர் 'செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் டா குன்யா' என்பதாகும். அசென்ஷன் தீவு செயின்ட் ஹெலினாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவிலும், டிரிஸ்டன் டா குன்யா தெற்கே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கின்றன. இவ்வளவு எட்டிக் கிடக்கும் மூன்று தீவுகள் ஒரே பெயருக்குள் வந்ததற்கு நெப்போலியன்தான் தொடக்கக் காரணம். 1815-இல் அவர் செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்டபோது, அவரை மீட்க யாரும் வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் அசென்ஷனில் அதே ஆண்டும், டிரிஸ்டனில் 1816-இலும் பிரிட்டன் படையை இறக்கியது. பிற்காலத்தில், 1922-இல் அசென்ஷனும் 1938-இல் டிரிஸ்டனும் செயின்ட் ஹெலினாவின் சார்புப் பகுதிகளாக இணைக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைதான் 'சார்புப் பகுதி' என்ற சொல்லை நீக்கி, மூன்றையும் சம தகுதியுள்ள பகுதிகள் ஆக்கியது.

இந்த வரலாறு குறிப்பு எடுப்பவருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. பரப்பளவு 122 சதுர கிலோமீட்டர் என்று ஒரு நூலிலும், 400 சதுர கிலோமீட்டர் அளவில் என்று இன்னொரு நூலிலும் காண்பீர்கள். முன்னது செயின்ட் ஹெலினா தீவு மட்டும். பின்னது மூன்று பகுதிகளும் சேர்ந்த ஆட்புலம். நாணயத்திலும் இதே குழப்பம் உண்டு. செயின்ட் ஹெலினா பவுண்டு அசென்ஷனில் செல்லும், டிரிஸ்டனிலோ பிரித்தானியப் பவுண்டுதான் புழங்குகிறது. ஆகவே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'எந்தத் தீவு, எந்த ஆண்டு' என்று எழுதாமல் அதைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். தமிழில் தேடுவோருக்கு இன்னொரு சிறு எச்சரிக்கை: செயின்ட் ஹெலினா, செயிண்ட் எலனா, புனித எலனா என்று இப்பெயர் பலவாறாக எழுதப்படுகிறது, ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடினால் பாதி கிடைக்காமலே போகும்.

படத்தைக் கையால் வரையுங்கள்

அடுத்து, அச்சிட்ட படத்தை ஒட்டுவதற்குப் பதிலாக ஒரு தாளில் நீங்களே வரையுங்கள். தென் அட்லாண்டிக்கின் நடுவே, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 பாகையில் ஒரு புள்ளி வையுங்கள். கிழக்கே ஆப்பிரிக்கக் கரை 1,900 கிலோமீட்டருக்கும் சற்று அப்பால். மேற்கே பிரேசில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு. இனித் தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். அதுதான் ஆண்டு முழுவதும் ஓயாது வீசும் தென்கிழக்கு வியாபாரக் காற்று. இந்த ஓர் அம்புக்குறியிலிருந்து தீவின் கதையில் பாதி கிடைத்துவிடும்.

பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் இந்தக் காற்றை எதிர்த்து வர இயலாமல் பிரேசில் பக்கமாக வளைந்து சென்றன. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்களையோ, நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதும் அதே காற்று நேராகச் செயின்ட் ஹெலினாவை நோக்கித் தள்ளியது. எனவே சென்னையிலும் கல்கத்தாவிலும் சரக்கேற்றி இலண்டன் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்கு நல்ல தண்ணீரும் இறைச்சியும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும் துறையாக அத்தீவு வாய்த்தது. 1657-இல் தீவை ஆளும் உரிமைப் பட்டயத்தைப் பெற்ற கம்பெனி, 1659-இல் அங்கே கோட்டை கட்டிக் குடியேற்றத்தைத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே பழங்குடி மக்கள் எவரும் இருந்ததில்லை. 1502-இல் போர்ச்சுக்கீசியர் கண்டபோது அது ஆளில்லாத் தீவு. அங்கு முதலில் நிலையாக வாழ்ந்தவராக அறியப்படும் ஃபெர்னாவோ லோப்பஸ்கூட இந்தியாவோடு தொடர்புடையவர்தான். கோவாவில் போர்ச்சுக்கீசியரை விட்டு எதிரணியில் சேர்ந்ததற்காக உறுப்புகள் சிதைக்கப்பட்ட அந்தப் படைவீரர், தாயகம் திரும்ப மனமின்றி அத்தீவில் இறங்கிப் பல பத்தாண்டுகள் தனியே வாழ்ந்தார்.

அம்புக்குறி தலைநகரின் இடத்தையும் சொல்லும். காற்று தென்கிழக்கிலிருந்து மோதுவதால், கப்பல் நங்கூரமிட ஏற்ற அமைதியான கடல் காற்று மறைவுப் பக்கமான வடமேற்கில்தான் இருக்கும். அங்கே, இரண்டு செங்குத்துப் பாறைச் சரிவுகளுக்கு இடையில் ஒடுங்கிய பள்ளத்தாக்கில், ஜேம்ஸ்டவுன் நகரம் நீளவாக்கில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. வளர இடமில்லாத இப்படியொரு பிளவில் தலைநகரை ஏன் வைத்தார்கள் என்று வியக்க வேண்டியதில்லை. கப்பலும் பீரங்கியும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இடம் அது. நகரிலிருந்து மேட்டுக்குச் சரக்கும் எருவும் இழுத்தேற்ற 1829-இல் அமைத்த சரிவுப்பாதைதான் இன்று 699 படிகளோடு 'ஜேக்கப்பின் ஏணி' என்று நிற்கிறது. மக்களில் பலர் இப்போது பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள ஹாஃப் ட்ரீ ஹாலோ போன்ற இடங்களில் வசிக்கிறார்கள்.

மேகமே தண்ணீர்

எரிமலையால் உருவான தீவு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பொதுவான பழக்கம். அதனினும் பயனுள்ள கேள்வி, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பது. தீவின் நடு முகட்டில் டயானா சிகரம் 820 மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கிறது. ஈரக்காற்று அதன்மேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அங்குள்ள மரப் பெரணிகளும் பிற செடிகளும் மூடுபனியை இலையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. அதனால் முகடு பச்சையாகவும், சில கிலோமீட்டரே தள்ளியுள்ள கரையோரம் மொட்டைப் பாறையாகவும் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் சுமார் 500 இத்தீவில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பல அந்தச் சிறிய மேகக் காட்டைச் சார்ந்தவை. போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற ஆடுகளும், விறகுக்காக மரம் வெட்டிய குடியேறிகளும், பின்னாளில் மலையை மூடிய நார்ச்செடித் தோட்டங்களும் அக்காட்டைச் சுருக்கிவிட்டன. இன்று முகட்டில் உள்ளூர்ச் செடிகளை மீண்டும் நடும் வேலை, இயற்கைப் பாதுகாப்பு என்ற தலைப்பில் எழுதப்பட்டாலும், உண்மையில் குடிநீர் வழங்கலின் ஒரு பகுதியாகும். இதைப் புவியியலில் எழுதுவதா, பொருளாதாரத்தில் எழுதுவதா என்று தயங்கினால் உங்கள் படிப்பு சரியான திசையில் போகிறது என்று கொள்ளலாம்.

இதே மேகத்தைப் பற்றி வானியலாளர்களுக்கு வேறு கருத்து இருந்தது. தென் வானத்து விண்மீன்களைப் பட்டியலிட 1677-இல் அங்கே தங்கியிருந்த இளைஞர் எட்மண்ட் ஹாலி மேகமூட்டத்தால் பெரிதும் அல்லல்பட்டார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1761-இல் அங்கு வந்த நெவில் மாஸ்கலின், உரிய நேரத்தில் மேகம் மறைத்ததால் ஏமாந்தார்.

போய்ச் சேரும் வழி

எந்தச் சிறு ஆட்புலத்தைப் படித்தாலும், ஒரு பக்கத்தை முழுவதுமாகப் 'போய்ச் சேரும் வழி' என்பதற்கு ஒதுக்குங்கள். கடைவிலை, மருத்துவ வசதி, இளைஞர் வெளியேற்றம், சுற்றுலா ஆகிய அனைத்தும் அந்தப் பக்கத்தில்தான் வேர்விட்டிருக்கும்.

செயின்ட் ஹெலினாவுக்கு 2017 வரை கடல்வழி ஒன்றே இருந்தது. 1990 முதல் ஓடிய 'ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா' என்ற அஞ்சல் கப்பல் கேப்டவுனிலிருந்து ஐந்து நாளில் பயணிகளையும் உருளைக்கிழங்கையும் கடிதங்களையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது. விமான நிலையம் கட்ட பிரித்தானிய அரசு ஏறத்தாழ 28.5 கோடி பவுண்டு செலவிட்டது. தீவில் விமான ஓடுபாதைக்கு ஏற்ற சமநிலம் கிழக்கிலுள்ள பிராஸ்பரஸ் பே சமவெளி ஒன்றுதான். அதற்கும் நீளம் போதாமல் பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பாறை கொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. கட்டுமானத்துக்கான சாலை வேலையின்போது ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1840 முதல் பிரித்தானியக் கடற்படை அடிமைக் கப்பல்களைப் பிடித்து, மீட்ட ஆப்பிரிக்கர்களை அங்கேதான் இறக்கியது. நோயால் இறந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேயே புதைக்கப்பட்டிருந்தனர். எடுக்கப்பட்ட எலும்புகள் 2022-இல்தான் மறு அடக்கம் செய்யப்பட்டன.

நிலையம் 2016-இல் திறக்கப்படுவதாக இருந்து, செங்குத்துப் பாறை விளிம்பில் காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவது சோதனைப் பறப்பில் தெரியவந்ததால் தள்ளிப்போனது. தென்கிழக்கு வியாபாரக் காற்றை மறந்தவர்களுக்கு அக்காற்றே நினைவூட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது. 1836-இல் அங்கே வந்த சார்லஸ் டார்வின், பெரும் பாறை விளிம்பில் தாம் நின்ற இடம் அசைவின்றி இருக்க, சில அடி அப்பால் பறவைகள் பலத்த காற்றோடு போராடியதைப் பார்த்து எழுதிவைத்திருந்தார். இந்தத் தாமதத்தைப் பிரித்தானியத் தேசியத் தணிக்கை அலுவலகமும் நாடாளுமன்றக் குழுவும் 2016-இல் கடுமையாக ஆராய்ந்தன. முடிவில் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் எம்ப்ரேயர் 190 வகை விமானத்தைக் கொண்டு 2017 அக்டோபர் 14 அன்று முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அஞ்சல் கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. சரக்கு இன்றும் கப்பலில்தான் வருகிறது. எனவே 'விமான நிலையம் வந்துவிட்டது' என்று எழுதும்போது, வந்தது ஆட்களுக்கான விரைவு வழியே என்பதையும், கடையில் அரிசிக்கும் சிமெண்டுக்கும் உள்ள தூரம் குறையவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆட்சியைப் படிக்கும் முறை

ஆட்சி அமைப்பைப் பதவிப் பெயர்களின் பட்டியலாகப் படிக்காமல், குறிப்பிட்ட சில கேள்விகளோடு அரசியலமைப்பு ஆணையைத் திறந்துவையுங்கள். உள்ளூர் மக்கள் ஆள்வோர் நாட்டின் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்களா? ஆள்வோர் நாட்டின் சட்டம் தானாகவே அங்கே செல்லுமா? எந்தெந்தத் துறைகள் ஆளுநரின் கையிலேயே நிறுத்திவைக்கப்பட்டுள்ளன? கடைசி மேல்முறையீடு எங்கே போகும்? இவற்றுக்கு விடை கிடைத்தால் மீதமுள்ளவை அவற்றின் விரிவுரையே.

பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் அத்தீவு, 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே கருதப்படுகிறது, பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புகிறது, யூரோ புழங்குகிறது. செயின்ட் ஹெலினாவோ பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. இலண்டன் நாடாளுமன்றத்தில் அதற்கு உறுப்பினர் இல்லை. தன்னாட்சி பெறாத ஆட்புலங்கள் என ஐக்கிய நாடுகள் அவை பட்டியலிட்டுள்ள 17-இல் அதுவும் ஒன்று.

உள்ளூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட 12 உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றம் இருக்கிறது. அரசியல் கட்சிகள் இயங்குவதில்லை. அனைவரும் தனி வேட்பாளர்களே. 2021 வரை உறுப்பினர்கள் குழுக்களாகப் பிரிந்து துறைகளைப் பார்த்துவந்தனர். யாருக்கும் தனிப் பொறுப்பில்லாத இந்த ஏற்பாட்டை மாற்ற அவ்வாண்டு மார்ச்சில் மக்கள் கருத்து கேட்கப்பட்டது. அக்டோபரில் நடந்த தேர்தலுக்குப் பின் ஜூலி தாமஸ் முதலாவது முதலமைச்சரானார். இப்போது உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை முதலமைச்சராகத் தேர்ந்தெடுக்க, அவர் நான்கு அமைச்சர்களைத் தெரிவுசெய்கிறார். எஞ்சிய ஏழு பேர் அவர்களைக் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறார்கள். இணையத்திலுள்ள பழைய கட்டுரைகள் பல இன்னும் குழு முறையையே விவரித்துக்கொண்டிருப்பதால், 2021-க்கு முன் எழுதப்பட்ட எந்த ஆட்சிக் குறிப்பையும் அப்படியே எடுத்தாளக் கூடாது.

வெளியுறவு, பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை ஆளுநரிடம் உள்ளன; ஆளுநரை மன்னரின் பெயரால் இலண்டன் நியமிக்கிறது. உள்ளூர் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அப்பால் இறுதி முறையீடு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்குச் செல்லும். இந்த அதிகாரப் பங்கீடு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஈழத் தமிழரோடு தொடர்புடைய அண்மை எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் பலர் படகில் வந்து, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் கீழுள்ள டியாகோ கார்சியா தீவில் தஞ்சமடைந்தனர். ஆண்டுக்கணக்கில் முகாமில் முடங்கிக் கிடந்தனர். இனி அங்கே புகலிடம் கேட்டு வருவோரை அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள செயின்ட் ஹெலினாவுக்கு மாற்றுவதென 2024 அக்டோபரில் இடைக்கால உடன்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் பகுதியாகத் தீவுக்கு 66.5 இலட்சம் பவுண்டு கூடுதல் நிதி தர இலண்டன் ஒப்புக்கொண்டது. இந்தியப் பெருங்கடலில் எழுந்த சிக்கல் ஒன்று தென் அட்லாண்டிக் தீவின் வரவு செலவுக் கணக்கில் வரவாக நுழைந்தது விந்தைதான். ஆனால் ஒரே ஆட்சியின் கீழுள்ள சிதறிய தீவுகளைப் படிக்கும்போது இத்தகைய குறுக்கு இழைகளை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

அளவு சிறிதாக இருப்பதன் விளைவையும் இங்கே கவனியுங்கள். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4,400-க்குச் சற்று மேல். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு 370 பேர்கூட இல்லை. உறுப்பினரும் வாக்காளரும் ஒரே கடையில் வரிசையில் நிற்பார்கள். அமைச்சரின் உறவினர் அரசு ஊழியராக இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். மறுபுறம், மருத்துவம், கணக்காய்வு, சட்டம் போன்ற பணிகளுக்குத் தேவையான வல்லுநர்கள் உள்ளூரில் போதாமல் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அவர்களது ஊதியமும் உள்ளூர் ஊதியமும் வேறுபடுவது தீராத மனக்குறையாக இருந்துவருகிறது.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

பொருளாதாரத்துக்கு வரும்போது, ஏற்றுமதிப் பொருள்களின் பட்டியலோடு தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் சூரை மீன், காப்பி என்று எழுதி முடித்துவிட்டு, அவற்றைக் கொண்டுதான் தீவு பிழைக்கிறது என்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்கிவிடுவீர்கள். காப்பி உயர்தரமானதுதான்; 1733-இல் ஏமனிலிருந்து கொண்டுவரப்பட்ட செடியின் வழி வந்தது. ஆனால் விளையும் அளவு மிகச் சொற்பம். வரவு செலவுத் திட்டத்தை நேராகத் திறந்தால், அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 3 கோடி பவுண்டு அளவிலான பிரித்தானிய நிதியுதவியே அரசின் வருவாயில் பெரும்பகுதி என்பது தெரியும். தீவில் மிகுதியானோருக்கு வேலை தருவதும் அரசுதான். அந்தச் சம்பளம் கடைக்குப் போகிறது. கடைக்காரர் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் சரக்கு வாங்குகிறார். பணம் கப்பலேறிப் போய்விடுகிறது. இதோடு, அசென்ஷனிலும் ஃபாக்லாந்திலும் பிரிட்டனிலும் வேலை செய்யும் தீவினர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் சேர்த்துக்கொண்டால் சுழற்சி முழுமையாகும். 'செயின்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அம்மக்களில் வெளியூர் வேலையைத் தொடாத குடும்பம் அரிது.

அடுத்துச் செய்ய வேண்டியது, பொருளாதாரத் திருப்பங்களின் ஆண்டுகளை ஒரு பக்கத்திலும், அத்திருப்பத்துக்குக் காரணமான முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதை மறுபக்கத்திலும் எழுதுவது. இந்தப் பயிற்சியில் எனக்குப் பெரிதும் பிடித்த பகுதி இதுதான். 1834-இல் தீவு கம்பெனியிடமிருந்து பிரித்தானிய அரசுக்கு மாறியது. கம்பெனிப் படையும் சம்பளங்களும் குறைக்கப்பட, பலர் நன்னம்பிக்கை முனைக்குக் குடிபெயர்ந்தனர். முடிவு இலண்டனில். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. 1850-களில் ஆண்டுக்கு ஆயிரம் கப்பல் கண்ட துறைக்கு 1889-இல் முந்நூறுகூட வரவில்லை. முடிவு எகிப்தில். 1907-இல் தொடங்கிய நார்த் தொழில், நியூசிலாந்திலிருந்து வந்த செடியைக் கொண்டு கயிறும் சணலும் தயாரித்துத் தீவுக்குச் சோறு போட்டது. செயற்கை இழை வந்து, பிரித்தானிய அஞ்சல் துறையும் கட்டுக்கயிற்றை மாற்றிக்கொள்ள, 1966-இல் ஆலைகள் மூடின. செடி மட்டும் இன்னும் மலைச் சரிவுகளை மூடிக்கொண்டிருக்கிறது.

அதன்பின் வருவது குடியுரிமை. 1981-ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், பிரிட்டனில் வாழும் உரிமையைத் தீவினரிடமிருந்து பறித்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின், தீவு கண்டுபிடிக்கப்பட்டதன் 500-ஆம் ஆண்டு நாளாகக் கொள்ளப்படும் 2002 மே 21 அன்று முழுக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. பெருமைக்குரிய வெற்றிதான். ஆனால் கதவு திறந்ததும் உழைக்கும் வயதினர் வெளியேறினர். 1998-இல் ஐயாயிரத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை 2008-இல் நாலாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. தனிமனிதருக்கு நன்மையாக வந்தது தீவின் தொழிற்சந்தைக்கு இழப்பாக முடிந்த இந்த முரணை, 'மக்கள்தொகை குறைந்தது' என்ற ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகிய 2016 வாக்கெடுப்பில் தீவினருக்கு வாக்கில்லை. ஆயினும் ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி நின்றது. நிற்பதற்கு முன் கிடைத்த நிதியின் துணையோடுதான், கூகுளின் ஈக்வியானோ கடலடிக் கம்பிவடம் 2021 ஆகஸ்டில் தீவின் கரையைத் தொட்டது. 2023-இல் அது பயன்பாட்டுக்கு வந்ததும், அதுவரை செயற்கைக்கோள் வழியாக அரைகுறையாகக் கிடைத்துவந்த இணையத்தின் நிலை மாறியது. துறைமுகமாக வாழ்ந்த தீவு இனித் தரவு நிலையமாகவும் செயற்கைக்கோள் தரை நிலையமாகவும் வாழலாமே என்ற பேச்சு அங்கே உண்டு. திமிங்கலச் சுறாக்களையும், நெப்போலியன் சிறைவைக்கப்பட்டிருந்த லாங்வுட் இல்லத்தையும் காண வருவோரால் சுற்றுலா மெல்ல வளர்கிறது. விமானத்தில் இருக்கை எத்தனையோ அதுவே அதன் உச்சவரம்பு. லாங்வுட் இல்லமும் நெப்போலியனின் வெற்றுக் கல்லறையும் 1858 முதல் பிரெஞ்சு அரசின் சொத்து. அவரது உடல் 1840-லேயே பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது.

எண்களிடம் எச்சரிக்கை

சிறு ஆட்புலங்களின் எண்களைப் பெரிய நாட்டு எண்களைப்போலப் படிக்க முடியாது. விமான நிலையச் செலவைத் தலைக்கு வகுத்தால் ஆளுக்கு 65,000 பவுண்டு அளவில் வரும். அந்தப் பணம் எவர் கையிலும் விழவில்லை என்றாலும், கட்டுமான ஆண்டுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை அது உப்பவைத்திருக்கும். வேலை முடிந்ததும் வீழ்ச்சி போலத் தோன்றும். நாற்பது பேர் ஊர் திரும்பினால் மக்கள்தொகை ஒரு விழுக்காடு ஏறிவிடும். ஆகவே விழுக்காட்டை எழுதும் இடத்தில் எல்லாம் ஆள் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கணக்கெடுப்பு நாளில் தீவில் இருந்தவர்கள் வேறு, அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர்கள் வேறு என்பதையும் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஆண்டுக் கணக்குகளைப் பொருத்தும்போது ஒரு காலாண்டு பிசகும். கடல் தொலைவு சில இடங்களில் கடல் மைலில் தரப்பட்டிருக்கும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இதே முறையை இன்னொரு தீவுக்குப் பொருத்திப் பார்த்தால்தான் கை பழகும். பக்கத்துத் தீவுகளிலிருந்தே தொடங்கலாம். அசென்ஷனில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை எவருக்குமே கிடையாது. வேலை ஒப்பந்தம் முடிந்தால் புறப்பட வேண்டியதுதான். 1942-இல் அமெரிக்கர் கட்டிய விமானத்தளத்தையும் தகவல்தொடர்பு நிலையங்களையும் எடுத்துவிட்டால் அங்கே சமூகம் என்ற ஒன்றே இராது. டிரிஸ்டனில் இதற்கு நேர்மாறாக, 240 பேர் அளவிலான குடும்பங்கள் பொது நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, கல்லிறால் ஏற்றுமதி வருவாயில் வாழ்கிறார்கள். 1961-இல் எரிமலை வெடித்து எல்லோரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டும், 1963-இல் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஃபாக்லாந்து தீவுகள் 1986-இல் மீன்பிடி எல்லையை அறிவித்து உரிமக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும், பாதுகாப்புச் செலவு தவிர மற்றவற்றில் தம் காலிலேயே நிற்கின்றன. கரீபியக் கடலிலுள்ள மொன்செராட் தீவில் 1995-இல் தொடங்கிய எரிமலைச் சீற்றம் தலைநகர் பிளிமத்தைப் புதைத்து, மக்களில் பாதிக்கு மேற்பட்டோரை வெளியேற்றிவிட்டது. இவற்றுள் எதை எடுத்தாலும் கையால் வரைந்த படம், காற்றின் அம்புக்குறி, போய்ச் சேரும் வழிக்கான பக்கம், ஆளுநரிடம் நிறுத்திவைத்த அதிகாரங்கள், திருப்பத்தின் ஆண்டும் முடிவு எடுக்கப்பட்ட இடமும் என்ற அதே வரிசையில் போங்கள். குறிப்பை முடித்ததும் அதன் தலையில் அன்றைய தேதியை எழுதிவையுங்கள். அடுத்த தேர்தலோ, விமான நிறுவனத்தின் கால அட்டவணையோ மாறும்போது எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது அதைப் பார்த்தால் தெரியும்.